குண்டூசிக்கு அடியில் நாலு ஊர்: பயண வரைபடப் பரிசைப் பற்றி

பெரிய உலக வரைபடம் ஒன்றை வாங்கி, அட்டையில் ஒட்டி, ஃபிரேம் போட்டு, போய் வந்த ஊர்களில் எல்லாம் குண்டூசி குத்திப் பரிசாகக் கொடுப்பது இப்போது ஒரு வழக்கமாகி வருகிறது. கல்யாண நாளோ புதுமனை புகுவிழாவோ, எதற்கும் பொருந்தும். "கடையில வாங்கல, நாங்களே செஞ்சோம்" என்று சொல்லிக்கொள்ளலாம். சுவரும் நிறைந்துவிடும்.

நானும் என் தம்பியும் அப்படி ஒன்றைச் செய்தோம். ஆரணியில் இருக்கும் எங்கள் அப்பா அம்மாவுக்கு, அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக. இந்தக் குறிப்பு அந்தப் பரிசைப் பற்றிய விமர்சனம்தான். செய்தவனே எழுதுவதால் தாட்சண்யம் பார்க்க வேண்டியதில்லை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். படம் 6 அடிக்கு 4 அடி. தேக்கு நிறச் சட்டம், முன்னால் கண்ணாடி இல்லை, ஏனென்றால் குண்டூசி குத்த வேண்டுமே. நான் போன ஊர்களுக்கு நீலம், தம்பிக்குப் பச்சை, அப்பா அம்மாவுக்குச் சிவப்பு. சிங்கப்பூர், துபாய், ஃபிராங்க்பர்ட் என்று நீலமும் பச்சையுமாக ஒன்பது. சிவப்பு ஒன்றே ஒன்று. விசேஷத்துக்கு வந்தவர்கள் எல்லாம் படத்துக்கு முன்னால் நின்று பார்த்தார்கள். அம்மாவும் கிட்டே வந்தார்.

"இம்மாம் பெரிய படத்துல ஆரணி எங்கடா?"

தம்பி சிவப்புக் குண்டூசியைக் காட்டினான். "இதாம்மா. காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலை எல்லாமே இதுக்கு அடியிலதான் இருக்கு."

பக்கத்தில் நின்ற அத்தை கேட்டார்: "அப்போ உனக்கு எதுடி இதுல?"

"நான் எங்க போனேன்? தறிக்குழியில கால விட்டுக்கினு இங்கியேதான் குந்தியிருந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. அம்மாவை எங்கேயும் போகாதவர் என்று, அவர் வீட்டுச் சுவரிலேயே, ஆறு அடி அகலத்துக்கு எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

இது மனசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை, கணக்கு சம்பந்தப்பட்டதும்கூட. பூமியின் நடுக்கோட்டுச் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. அதை 6 அடியில், அதாவது 183 செ.மீ.-யில் அடக்கினால், நம் ஊர்ப் பக்கம் ஒரு செ.மீ.-க்கு ஏறக்குறைய 215 கி.மீ. வருகிறது. ஆரணியிலிருந்து வேலூர் நேர்கோட்டில் 32 கி.மீ., படத்தில் ஒன்றரை மி.மீ. காஞ்சிபுரம் 49 கி.மீ., அது 2.3 மி.மீ. திருவண்ணாமலை இரண்டரை மி.மீ. எங்கள் குண்டூசித் தலையின் விட்டம் 6 மி.மீ. ஆக நாலு ஊரும் ஒரு தலைக்குள் அடக்கம். சென்னை ஐந்தரை மி.மீ. தள்ளி இருக்கிறது. ஆரணிக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று என்று குத்தப் பார்த்தால் தலையோடு தலை இடிக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் அப்பா புடவைப் பெட்டியோடு ஏறி இறங்கிய பஸ்கள் எல்லாம் அந்தச் சிவப்புத் தலைக்கு அடியில் போய்விட்டன.

இதில் இன்னொரு கோளாறும் உண்டு. கடையில் கிடைக்கும் உலகப் படங்களில் பல மெர்கேட்டர் முறையில் வரைந்தவை. 1569-இல் கடலோடிகளுக்காக வந்த முறை அது. திசைகாட்டி காட்டும் ஒரே திசையில் கப்பல் போனால் படத்தில் நேர்கோடாக விழும். அந்த வசதிக்கு விலையாக, துருவத்தை நெருங்க நெருங்க நிலம் ஊதிப் பெருக்கும். கிரீன்லாந்தின் உண்மையான பரப்பு இந்தியாவில் மூன்றில் இரண்டு பங்குதான். படத்திலோ அது இந்தியாவைப் போலப் பல மடங்கு. எங்கள் வீட்டில் ஒருத்தரும் போகாத பனிப் பாலைவனத்துக்குச் சுவரில் அவ்வளவு இடம் கொடுத்து, வாழ்ந்த ஊருக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை.

குண்டூசிக்குப் பதில் நாணயத்தால் சுரண்டும் வரைபடம் வாங்கலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். அது இன்னும் மோசம். அங்கே அலகே நாடுதான். விமானம் மாறச் சில மணி நேரம் இறங்கினாலும் ஒரு நாடு முழுக்கப் பளபளக்கும். ஆயுள் முழுக்க இந்தியாவுக்குள்ளேயே அலைந்தவருக்கு முதல் நாளே ஒரு சுரண்டலோடு வேலை முடிந்துபோகும். இந்த மாதிரிப் பரிசுகள் பயணத்தை அளப்பதில்லை, பாஸ்போர்ட்டைத்தான் அளக்கின்றன என்பது என் துணிபு.

சின்னத் தூரம் என்றால் இளப்பமா? 1802-இல் லாம்ப்டன் இந்த நாட்டை முக்கோணங்களால் அளக்கத் தொடங்கியபோது, முதலில் சங்கிலி பிடித்து அளந்தது பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைத்தான். அந்தச் சின்னக் கோட்டின் மேல்தான் அடுத்தடுத்த முக்கோணங்கள் எழும்பின. எங்கள் உலகப் படத்தில் அந்தக் கோடு அரை மி.மீ.-க்குச் சற்றே அதிகம்.

சரி, வேறு படம் செய்வோம் என்று முடிவு பண்ணினோம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள் ஒன்றைப் பெரிதாக அச்சடித்தால் போதும் என்று முதலில் நினைத்தேன். ஆரணி பழைய எண் முறையில் 57 பி/6 தாளில் வருகிறது. ஆனால் தாளின் மேற்கு ஓரத்திலிருந்து 7 செ.மீ. தள்ளித்தான் ஊர் இருக்கிறது, அதனால் பக்கத்துத் தாளையும் சேர்த்து ஒட்ட வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. ஒரு தாளின் அகலம் 27 கி.மீ.-தான். அப்பா பட்டு நூலுக்குப் பெங்களூரு வரை போனவர், ஒரு தடவை ராமநகரம் பட்டுக்கூடு சந்தையையும் பார்த்துவிட்டு வந்தவர். ராமநகரத்திலிருந்து சென்னை வரை இந்த அளவில் போட்டால் ஆறரை மீட்டர் வரும். தறி இருக்கிற வீட்டில் அவ்வளவு சுவருக்கு எங்கே போவது?

1:250,000 சரியாக உட்கார்ந்தது. ஒரு செ.மீ.-க்கு இரண்டரை கி.மீ. 5 அடிக்கு 3 அடிப் படத்தில் கிழக்கு மேற்காக 380 கி.மீ., வடக்கு தெற்காக 228 கி.மீ. அடங்கும். இடது ஓரத்தில் ராமநகரம், வலது ஓரத்தில் சென்னை, மேலே திருப்பதி, கீழே புதுச்சேரி. அப்பா அம்மா இரண்டு பேரின் உலகமும் சட்டத்துக்குள் வந்துவிட்டது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை எடுத்து, க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் தமிழ் எழுத்தில் ஊர்ப் பெயர் போட்டோம். எந்த எழுத்தும் 4 மி.மீ.-க்குக் குறையக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். பார்க்கப்போவது அறுபது வயசுக் கண்கள்.

செய்முறையில் முதல் படம் கற்றுக்கொடுத்த பாடங்களையும் சொல்ல வேண்டும். அதை ஹார்ட்போர்டில் நாலு ஓரமும் ஃபெவிகால் வைத்து ஒட்டியிருந்தோம். ஐப்பசி மழையில் காகிதம் ஈரத்தை இழுத்து விரிந்தது. விரிய இடமில்லாமல் நடுவில் அலை அலையாக எழும்பிக்கொண்டது. மேல் ஓரத்தை மட்டும் பிடித்துத் தொங்க விட்டால் காகிதம் தன் போக்கில் விரிந்து சுருங்கும். இரண்டாவது படத்தை மைதாப் பசையில் பருத்தித் துணியின் மேல் ஒட்டினோம். பூச்சி வராமலிருக்கப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம். அந்தக் காலத்தில் பயணத்துக்கான படங்களை இப்படித்தான் துணியில் ஒட்டுவார்கள், மடிப்பில் கிழியாது. பசை கிளறியது அப்பா. எங்களை நம்பவில்லை.

முகப்புக்குக் கண்ணாடியா அக்ரிலிக்கா? இந்த அளவுக்கு 4 மி.மீ. கண்ணாடி மட்டும் 14 கிலோ. 3 மி.மீ. அக்ரிலிக் 5 கிலோ. சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடுகிற வீட்டில் எடை முக்கியம், ஒவ்வொரு அடிக்கும் சுவர் லேசாக அதிரும். அதனால் அக்ரிலிக். அதன் குறையையும் சொல்லிவிட வேண்டும்: கீறல் சீக்கிரம் விழுகிறது, பட்டுத் தூசியைக் காந்தம் மாதிரி இழுக்கிறது. அம்மா வாரம் ஒரு தடவை ஈரத்துணியால் துடைக்கிறார்.

குண்டூசியைக் கைவிட்டோம். மிச்சப் பட்டு நூலால் வழியைத் தைப்பது என்று முடிவு. அப்பாவுக்கு அரக்கு, அம்மாவுக்கு மாம்பழ மஞ்சள். ஆரணிக்கும் காஞ்சிபுரத்துக்கும் நேராக ஒரு நூலை இழுத்துக் கட்டினேன். அப்பா பார்த்துவிட்டுக் கேட்டார்: "நான் என்ன பறந்தா போனேன்? செய்யாறு போயிட்டுத்தானே போவும்?" அவிழ்த்துவிட்டு, சாலையின் வளைவோடு வளைவாக ஊசியால் பிடித்துத் தைத்தோம். நூல் நசுங்காமல் இருக்க, படத்துக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவில் மெல்லிய மர ரீப்பர் வைத்தோம்.

அம்மாவின் நூலுக்கு வந்தபோது, "எனக்கு எதுக்குடா" என்று எழுந்து போகப் பார்த்தார். தம்பிக்கு ஒரு யோசனை. 48 அங்குல அகலப் புடவை, ஆறு கெஜம், அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொண்டால், ஒரு புடவை முடிவதற்குள் நாடா கிட்டத்தட்ட 16 கி.மீ. ஓடியிருக்கும். இத்தனை வருஷப் புடவைக்கும் கணக்குப் போட்டு, "அம்மா உலகத்தைச் சுற்றி வந்தவர்" என்று ஓரத்தில் எழுதிவிடலாம் என்றான். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அம்மா ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். "அது நாடா போன தூரம்டா. நான் போனதில்ல."

அப்புறம் அவரே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். தேவிகாபுரத்திலிருந்து கல்யாணமாகி ஆரணிக்கு வந்தது. நான் பிறக்க வேலூருக்குப் போனது. ஆடி வெள்ளிக்குப் படவேடு. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, மலையைச் சுற்றி 14 கி.மீ. நடை. உலகப் படத்தில் தேவிகாபுரத்துப் பயணம் ஒரு மி.மீ. தேறாது. இங்கே அது 8 செ.மீ. கிரிவலத்துக்கு ஐந்தரை செ.மீ. நூல், மலையைச் சுற்றி ஒரு வளையமாக. அந்த வளையத்தை அம்மாவே தைத்தார்.

இந்த இரண்டாவது படமும் குறையில்லாதது அல்ல. அரக்கு நூல்தான் இன்னும் அதிகம். வெளியே போனவர் படத்திலும் ஜெயிக்கிறார், தறியில் கழிந்த வருஷங்களை எந்த அளவுப் படத்தாலும் காட்ட முடியாது. ஜரிகை வரும் சூரத் சட்டத்துக்கு வெளியே எங்கேயோ இருக்கிறது. நில அளவைத் தாள்களில் சாலை ஓரத்தை எட்டும் இடத்தில் அடுத்த ஊரின் பெயரும் தூரமும் அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து மேற்கு ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டு "சூரத்துக்கு" என்று எழுதினோம். பட்டு நூல் வெயிலில் வெளுக்கும். கிழக்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டியது எங்கள் தப்பு, மாற்ற வேண்டும்.

இந்த மாதிரிப் பரிசு செய்ய நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு விதி சொல்வேன். எவ்வளவு பெரிய படம் என்று முடிவு செய்வதற்கு முன்னால், வாங்கப்போகிறவரின் மிகச் சின்ன முக்கியமான பயணம் எது என்று கேளுங்கள். அது படத்தில் 5 செ.மீ.-யாவது வர வேண்டும். அதிலிருந்து அளவைக் கணக்கிடுங்கள், சட்டத்தின் அளவு தானாக வரும். அமெரிக்கா போய் வந்தவருக்கு உலகப் படமே சரியாக இருக்கலாம். அப்போதும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா படத்துக்கு முன்னால் நின்று ஒரு தப்பைக் காட்டினார். "ஆரணின்னு ரெண்டு இடத்துல போட்டிருக்கியே?" ஆரணி ரோடு ரயில் நிலையம். பெயர்தான் ஆரணி, நிலையம் இருப்பது களம்பூரில். விளக்கிச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதா? அங்க எறங்கி பஸ்ஸு புடிச்சி வந்தவதானே நான். களம்பூர்னும் சேத்து எழுது. அதுக்கும் கொஞ்சம் மஞ்ச நூலு வேணும்."