அஞ்சலட்டைக் கடலும் பாலத்து மாந்தரும்

அயர்லாந்தின் கரையோரத்தை உலகறியச் செய்தவை, 1950களின் பிற்பகுதியிலிருந்து வெளிவந்த ஜோன் ஹைன்டின் வண்ண அஞ்சலட்டைகள். சாம்பல் வானத்தையும் நீலமாக்கும் சாயம், கொனமாராவின் செந்தலைச் சிறுவர், கூடை சுமக்கும் கழுதை: அழகுக்குக் குறைவில்லை. 1951 முதல் 1961 வரை ஏறத்தாழ 4 இலட்சம் மக்களை அந்நாடு புலம்பெயர்வால் இழந்தது என்பதை மட்டும் அவ்வட்டைகள் அறியா.

டப்ளின் நகரின் ஓகொனல் பாலத்திலோ, ஆதர் பீல்ட்ஸ் என்பார் 1930களிலிருந்து அரை நூற்றாண்டு காலம் வழிப்போக்கரைப் படம்பிடித்துச் சீட்டளித்தார். விரும்பியோர் பின்னர் காசு கொடுத்துப் படத்தைப் பெற்றனர். பிழைப்புக்காக எடுத்தவைதாம், உழைக்குங் கோலமும் அவற்றில் அரிது. எனினும், ஹைன்டின் மாந்தர் உல்லாசப் பிரயாணிக்காக நிற்கின்றனர். பீல்ட்ஸின் மாந்தர் தம்பாட்டில் நடக்கின்றனர். இதனையே யதார்த்தம் என்பேன். நெகட்டிவ்களை அவர் பேணவில்லை. படங்கள் எஞ்சியிருப்பது அம்மக்களின் வீடுகளிலேயே.