கருத்தரங்க உரையும் அச்சுக் கட்டுரையும்

இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டு ஆய்வரங்கக் கட்டுரைகள் 1968 சனவரியில் சென்னையில் படிக்கப்பெற்றன, ஆர்.ஈ. ஆஷர் பதிப்பித்த தொகுதிகள் 1971இல் வெளிவந்தன. இத்தகைய இடைவெளியில், இடமும் காலமும் சுட்டும் சொற்கள் பொருள் திரிகின்றன. புணேக் கருத்தரங்கொன்றில், லோஹேகாவ் வாழ் தமிழரின் பேச்சை ‘இங்குள்ள தமிழ்’ என்றால் அவையோர் உணர்வர். அச்சில் அச்சுட்டு நிலைக்களனை இழக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அதனைத் தமிழகத் தமிழெனக் கொள்ளவும் கூடும். ‘அண்மையில்’ என்பதும் இவ்வாறே. எனவே இடப்பெயரும் தரவு திரட்டிய ஆண்டும் வெளிப்படையாக எழுதப்பெற வேண்டும். அவையில் எழுந்த வினாவால் முடிவு மாறியிருப்பின், அடிக்குறிப்பு அதனை உரைக்க வேண்டும். கட்டுரை படித்த நாளை மட்டும் தலைப்பின்கீழ் இட்டு, பின்னர்ச் சேர்த்த கருத்தை மறைப்பது, அக்கருத்தை முதலில் கூறியவர் யார் என்பதற்குப் பொய்ச்சான்றாகிவிடும்.