எண்ட் கூற்று (மேக்ரோ நிரலாக்கம்): ஒரு மதிப்பீடு

எண்ட் என்பது எக்செல் முதலிய மென்பொருள்களில் மேக்ரோ எழுதப் பயன்படும் விபிஏ மொழியின் ஒரு கூற்று ஆகும். ஒரு துணைச்செயல்முறைக்குள் இருந்தபடியே, அதை அழைத்த செயல்முறையையும் சேர்த்து நிறுத்த வேண்டியபோது பலர் இதை நாடுகின்றனர். ஒரே சொல்லில் எல்லாம் நின்றுவிடுவது இதன் கவர்ச்சி; குறையும் அதுவே.

நிறுத்தத்தின் எல்லை

இதைத் தஞ்சைப் பகுதியின் பாசனத்தைக் கொண்டு விளக்கலாம். வயல் மடையை அடைத்தால் அந்த வயலுக்குப் பாயும் நீர் மட்டுமே நிற்கும். வாய்க்கால் தொடர்ந்து ஓடும். எக்சிட் சப் கூற்று இத்தகையது. துணைச்செயல்முறை முடியும், அழைத்த செயல்முறை அடுத்த வரியிலிருந்து தொடரும். எண்ட் கூற்று மேட்டூர் அணையையே மூடுவதற்கு ஒப்பாகும். ஒரு வயலுக்காகக் கல்லணையில் பிரியும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் அனைத்துக்கும் நீர்வரத்து நின்றுவிடும்.

எடுத்துக்காட்டு

நெல் கொள்முதல் கணக்குக்கான மேக்ரோ ஒன்றைக் கொள்வோம். முதன்மைச் செயல்முறை ஒவ்வொரு விவசாயிக்கும் ரசீது தயாரிக்கிறது. துணைச்செயல்முறை, ஈரப்பதம் 17 விழுக்காடு என்ற பொது வரம்பைத் தாண்டுகிறதா எனப் பார்க்கிறது. தாண்டியதும் எக்சிட் சப் மட்டும் இட்டால், தகுதியில்லாத நெல்லுக்கும் ரசீது அச்சாகும். எண்ட் இட்டால், வரிசையில் பின்னால் உள்ள விவசாயிகளின் கணக்கும் நின்றுபோகும்.

இழப்பு அத்துடன் முடிவதில்லை. தொகுதி அளவிலான மாறிகளில் சேர்த்துவந்த மொத்த எடையும் தொகையும் அழியும். ஓப்பன் கூற்றால் திறந்த கோப்புகள் பாதி எழுதிய நிலையில் மூடப்படும். எனேபிள்ஈவென்ட்ஸ் அமைப்பு அணைக்கப்பட்டிருந்தால் அப்படியே இருக்கும். பிறகு பணித்தாளின் தானியங்கு நிகழ்வுகள் இயங்கா. பிழைச்செய்தி எதுவும் வராததால், காரணம் தேடுவதும் கடினம்.

மாற்று வழிகள்

துணைச்செயல்முறையை, மெய் அல்லது பொய் என்ற மதிப்பைத் திருப்பியனுப்பும் செயற்கூறாக மாற்றுவது எளிய வழி. பொய் வந்தால் அந்த ரசீதை மட்டும் விடுவதா, முழு வேலையையும் நிறுத்துவதா என்பதை அழைத்த செயல்முறையே முடிவு செய்யும். மடையில் இருப்பவர் தலைமதகில் இருப்பவருக்குச் செய்தி அனுப்புவது போன்றது இது.

விலைப்பட்டியலே இல்லாதபோது வேலை முழுவதும் நிற்கத்தான் வேண்டும். அழைப்புகள் பல அடுக்காக இருந்தால், அங்கு எர்ர்.ரெய்ஸ் பொருந்தும். இது எழுப்பும் பிழை, அதைக் கையாளும் பகுதி உள்ள செயல்முறை வரை மேலேறும். அங்கு கோப்புகளை மூடி, அமைப்புகளை மீட்டபின் நிறுத்தலாம். ஆனால் இடையில் ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட் இருந்தால் பிழை அங்கேயே விழுங்கப்படும்.

மதிப்பீடு

கோப்பு திறக்காத, மாறிகளைச் சேமிக்காத சிறு மேக்ரோவில் எண்ட் தீங்கு செய்யாது. பிறர் பணம் சார்ந்த கணக்கில் அது கூடாது. நிறுத்த வேண்டிய காரணத்தைத் துணைச்செயல்முறை சொல்ல வேண்டும். நிறுத்தும் முடிவை அழைத்த செயல்முறை எடுக்க வேண்டும்.