பங்கிட்ட பணம், பங்கிடாத பார்வை

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் தலையாய தொழில்முறைப் போட்டியான தேசியக் கால்பந்து லீக், தன் 32 அணிகளுக்கும் நாடளாவிய ஒளிபரப்பு வருவாயைச் சரிசமமாகப் பங்கிட்டுத் தருகிறது. அதனால் பணவசதி மிக்க விளையாட்டு அமைப்புகளுள் நியாயமானது என்ற பெயர் அதற்கு நெடுங்காலமாக உண்டு. வருவாயைப் பொறுத்தவரை அந்தப் பெயர் தகும். ஆனால் எந்த அணியின் ஆட்டம் நாடு முழுவதும் காட்டப்படுகிறது, எந்த வீரரைப் பற்றி வாரம் முழுதும் பேசப்படுகிறது, யாருடைய சாதனை முப்பது ஆண்டுகள் கழித்தும் நினைவில் நிற்கிறது என்று கேட்டால், அங்கே சமபங்கு ஒருபோதும் இருந்ததில்லை. சின்சினாட்டி, பஃபலோ, ஜாக்சன்வில் போன்ற ஊர்களின் அணிகளுக்கு இதனால் நேர்ந்த இழப்பு பருவத்துக்குப் பருவம் மறைந்துவிடும் இழப்பாக இல்லாமல், ஆட்டத்தின் வரலாற்றிலேயே பதிந்துவிட்ட இழப்பாக இருக்கிறது என்பதால், அது உரிய அக்கறையுடன் ஆராயப்பட வேண்டும்.

இந்தச் சமபங்கு தானாக வந்ததன்று. 1950களில் ஒவ்வோர் அணியும் தன் ஆட்டங்களைத் தனித்தனியே தொலைக்காட்சிக்கு விற்றுவந்த நிலையில், நியூயார்க், சிகாகோ போன்ற பெருநகர அணிகளே பெரும் தொகை பெற்றன. லீகின் ஆணையர் பீட் ரோசெல் எல்லா அணிகளின் உரிமைகளையும் ஒன்றாகக் கட்டி விற்க முயன்றபோது, அது போட்டியைத் தடுக்கும் ஏகபோகச் செயல் என்று நீதிமன்றம் தடுத்தது. அதன்பின் அமெரிக்க நாடாளுமன்றம் 1961இல் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டத்தை இயற்றி, அந்தக் கூட்டு விற்பனைக்கு விலக்கு அளித்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய சி.பி.எஸ். ஒப்பந்தம் தந்த ஆண்டுக்கு 46.5 லட்சம் டாலர், அன்றிருந்த 14 அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டது. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியை நடத்திய மாரா குடும்பம், தனக்குக் கிடைத்திருக்கக்கூடிய கூடுதல் பணத்தை விட்டுக்கொடுத்து இதற்கு உடன்பட்டது உண்மையிலேயே பெருந்தன்மை. அந்த ஒப்புதல் இல்லாமல், ஒரு லட்சத்துச் சொச்சம் மக்களே வாழும் கிரீன் பே என்ற ஊரின் பேக்கர்ஸ் அணி இன்றுவரை பிழைத்திருக்குமா என்பது ஐயமே.

பணம் இவ்வாறு பங்கிடப்பட்டாலும், ஒளிபரப்பு நேரம் வேறொரு கணக்கின்படி வழங்கப்பட்டது. அமெரிக்கா தொலைக்காட்சிப் பார்வையாளர் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, அவை ஒவ்வொன்றிலும் உள்ள வீடுகளின் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தப்படுகின்றன. விளம்பரதாரர்கள் அந்த வரிசையைப் பார்த்தே விலை பேசுகிறார்கள். இந்த வட்டாரத்தைத்தான் சந்தை என்கிறார்கள். நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ முதலியவை முன்வரிசையில் நிற்க, ஜாக்சன்வில், நியூ ஆர்லியன்ஸ், பஃபலோ, கிரீன் பே ஆகியவை வெகு கீழே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஒரே நேரத்தில் ஆறேழு ஆட்டங்கள் நடக்கையில், அவற்றுள் ஒன்று நாட்டின் பெரும்பகுதிக்குச் செல்கிறது. மற்றவை ஆடும் இரு ஊர்களிலும் அக்கம்பக்கத்திலும் மட்டுமே தெரிகின்றன. பெரும்பகுதிக்குச் செல்லும் ஆட்டத்துக்கு நிறுவனத்தின் முதல்நிலை வர்ணனையாளர்களும் மிகுதியான கேமராக்களும் அனுப்பப்படுகின்றன. கடைசி வரிசை ஆட்டத்துக்குக் குறைந்த கேமராக்களுடன் செல்லும் குழுவினர், ஒரு தடுப்பாட்டக்காரரின் காலடி வைப்பையோ, பந்து வருமுன்பே அவர் அதன் திசையைக் கணித்த விதத்தையோ இரண்டாம் கோணத்திலிருந்து காட்ட வழியில்லாமல் அடுத்த ஆட்டத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். அன்றிரவுச் செய்தித் தொகுப்பில் இடம்பெறுவது எந்தக் காட்சி என்பது பெரும்பாலும் இந்த இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

இந்த முறையை வகுத்தவர்களுக்குச் சிறு ஊர்கள்மீது பகை ஏதுமில்லை. அதிக வீடுகள் இருக்கும் இடத்தில் அதிகம் விற்கும் என்ற கணக்கு வணிகத்தில் இயல்பானது. ஆனால் அந்தக் கணக்கே காலப்போக்கில் விளையாட்டு இதழியலின் அளவுகோலாகவும் மாறியதுதான் கேடு. டல்லாஸ் கௌபாய்ஸ் அணி 1966 முதல், 1975, 1977 ஆகிய இரு ஆண்டுகள் தவிர, ஒவ்வொரு நன்றி நவிலல் விடுமுறை நாளிலும் நாடு முழுவதும் பார்க்கத் தன் ஊரில் ஆடிவருகிறது. 1995ஆம் ஆண்டுப் பருவத்தில் பட்டம் வென்ற அந்த அணி, அதன்பின் இறுதிப் போட்டிக்கு முந்தைய படியைக்கூட எட்டவில்லை. ஆயினும் இரவு நேர நாடளாவிய ஒளிபரப்புகளில் அது மிகுதியாக இடம்பெறும் அணிகளுள் ஒன்றாகவே நீடிக்கிறது. வென்றாலும் தோற்றாலும் அதைப் பற்றிப் பேசுவதற்கு ஆளுண்டு. சிறு ஊர் அணியோ பேச்சுக்குள் நுழைவதற்கே முதலில் அசாதாரணமாக ஏதேனும் செய்தாக வேண்டும்.

அசாதாரணமாகச் செய்தபோதும் சில சமயம் சொந்த ஊரே அதைப் பார்க்க முடியாமற் போனது. இருட்டடிப்பு விதி என்று அறியப்பட்ட ஏற்பாட்டின்படி, ஆட்டத்துக்கு 72 மணி நேரத்துக்கு முன்பே நுழைவுச்சீட்டுகள் அனைத்தும் விற்றுத் தீராவிட்டால், அந்த ஆட்டம் உள்ளூர்த் தொலைக்காட்சியில் காட்டப்படாது. 1973 முதல் 2014 வரை பெரும்பாலும் இந்த வடிவில் அது நடைமுறையில் இருந்தது. 1993 ஜனவரி 3 அன்று பஃபலோ பில்ஸ் அணி ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அணியை எதிர்த்து ஆடிய பிளேஆஃப் ஆட்டம், அதாவது பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் வெளியேற்றுச் சுற்று ஆட்டம், மூன்றாம் கால்பகுதியின் தொடக்கத்தில் 35–3 என்று ஹூஸ்டனுக்குச் சாதகமாக இருந்தது. முதன்மை குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை வழிநடத்தும் வீரர், ஜிம் கெல்லி காயமுற்றிருந்ததால், மாற்று வீரர் ஃபிராங்க் ரைக் களத்தில் இருந்தார். அவர் தலைமையில் பில்ஸ் 32 புள்ளிப் பின்னடைவைக் கடந்து, கூடுதல் நேரத்தில் 41–38 என்று வென்றது. பிளேஆஃப் வரலாற்றில் அதை மிஞ்சிய மீட்சி இன்றுவரை இல்லை. ஏறத்தாழ 80,000 பேர் அமரக்கூடிய அரங்கில் 75,000 பேருக்கு மேல் இருந்தும், நுழைவுச்சீட்டுகள் உரிய நேரத்தில் தீராததால், பஃபலோவின் வீடுகள் அந்த மீட்சியை வானொலியில் கேட்க வேண்டியதாயிற்று. பல பெருநகர அரங்குகள் எளிதில் நிறைந்ததால் இந்த விதியின் சுமை பஃபலோ, சின்சினாட்டி, ஜாக்சன்வில் போன்ற ஊர்கள்மீதே மிகுதியாக விழுந்தது. ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணி 2005இல் தன் அரங்கின் மேல்வரிசைகளில் ஏறத்தாழ 10,000 இருக்கைகளைத் தார்ப்பாயால் மூடி, அவற்றைக் கணக்கிலிருந்தே நீக்கிக்கொண்டது. விதியிலிருந்து தப்பச் செய்த இந்த ஏற்பாடே, ரசிகர்கள் இல்லாத ஊர் என்ற பெயரை அதற்குத் தேடித் தந்து, பின்னாளில் அந்த அணி லண்டனுக்கு இடம்பெயரும் என்ற ஊகங்களுக்கும் தீனியாயிற்று.

கவனக்குறைவின் மிக நீண்ட நிழலைக் காண வேண்டுமானால் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் கென் ரைலியைப் பார்க்க வேண்டும். 1969 முதல் 1983 வரை பதினைந்து பருவங்கள் அந்த ஒரே அணிக்காகக் கார்னர்பேக் என்ற இடத்தில் ஆடியவர் அவர். எதிரணியின் பந்தேற்பாளரைத் தொடர்ந்து சென்று, அவருக்கு வரும் பந்தைத் தடுப்பதோ பறிப்பதோ அந்த இடத்தின் வேலை. கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக இருந்தவரைப் பயிற்சியாளர் பால் பிரவுன் இந்த இடத்துக்கு மாற்றினார். எறிபவரின் மனத்தைப் படிக்கத் தெரிந்த ரைலி 65 இடைமறிப்புகளைச் செய்தார். ஓய்வுபெற்றபோது லீகின் வரலாற்றிலேயே அவரைவிட அதிகமாகச் செய்தவர்கள் மூவரே. அந்த மூவரும் ஹால் ஆஃப் ஃபேம் எனப்படும் புகழ் மாளிகையில் இடம்பெற்றார்கள். பருவத்தின் சிறந்த வீரர்களைக் கொண்ட புரோ பவுல் கண்காட்சி ஆட்டத்துக்கு ரைலி ஒருமுறைகூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. 2020இல் அவர் காலமானார். புகழ் மாளிகை அவரை ஏற்றது 2023இல்.

அந்நாளில் புரோ பவுல் தேர்வைச் செய்தவர்கள் வீரர்களும் பயிற்சியாளர்களுமே என்பது இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவதாகத் தோன்றலாம். ஆனால் தம் அணியுடன் மோதாத ஒருவரை அவர்களும் செய்தியின் வழியாகவும், தொலைக்காட்சி காட்டிய துண்டுக் காட்சிகளின் வழியாகவுமே அறிந்தார்கள் என்பதை நினைக்க வேண்டும். சந்தை மட்டுமே முழுக் காரணம் என்று சொல்வதும் நேர்மையாகாது. ஏனெனில் அதே சின்சினாட்டியில் ரைலிக்கு எதிர்ப்பக்கம் நின்ற லெமார் பாரிஷ், பெங்கால்ஸில் இருந்த காலத்திலேயே ஆறுமுறை தேர்வானவர். பாரிஷ் எதிரணி உதைத்த பந்தை ஏந்தி நெடுந்தூரம் ஓடிப் புள்ளி சேர்க்கும் கண்கவர் வீரர். ரைலி தன் வேலையை அமைதியாகச் செய்தவர். ஒரு சிறு ஊரிலிருந்து ஒரு பெயரை நினைவில் வைக்க மட்டுமே நாடளாவிய ஊடகத்துக்கு இடமிருந்தபோது, அந்த இடம் எளிதில் காட்சியாகக்கூடியவருக்குப் போயிற்று என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. அதே காலத்தில் நியூயார்க்கில் ஆடிய ஒருவர் அமைதியானவராக இருந்திருந்தால், அவரது அமைதியைப் பற்றியே கட்டுரைகள் வந்திருக்கும்.

ரைலியின் அணித்தோழர் கென் ஆண்டர்சனின் நிலை இன்னும் கூர்மையானது. 1971 முதல் 1986 வரை பெங்கால்ஸின் குவார்ட்டர்பேக்காக இருந்த அவர், எறிதலின் துல்லியத்தையும் பயனையும் ஒருசேர அளக்கும் எறிதல் மதிப்பெண்ணில் நான்கு பருவங்கள் லீகின் முதலிடம் பெற்று, 1981இல் மிகச் சிறந்த வீரர் விருதும் வென்றார். வாழ்நாள் கணக்கில் அவருடையவை 32,838 கெஜம், புள்ளி சேர்த்த 197 டச்டவுன் எறிதல்கள், 160 இடைமறிக்கப்பட்ட எறிதல்கள். நியூயார்க் ஜெட்ஸ் அணியின் ஜோ நேமத் எறிந்தது 27,663 கெஜம். டச்டவுன்கள் 173, இடைமறிக்கப்பட்டவை 220. நேமத் 1985இல் புகழ் மாளிகையில் நுழைந்தார். ஆண்டர்சன் 2025ஆம் ஆண்டுப் பட்டியலிலும் சேரவில்லை. நேமத்தின் இடம் தகுதியற்றது என்பது இதன் பொருளாகாது. ஒரே பருவத்தில் 4,000 கெஜம் எறிந்த முதல் தொழில்முறை வீரர் அவர்; 1969 ஜனவரியில் மூன்றாம் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் பால்டிமோர் கோல்ட்ஸை வீழ்த்தி, புதிய லீகான ஏ.எஃப்.எல்.லுக்கு மதிப்புத் தேடித் தந்தவர். 1982 ஜனவரியில் ஆண்டர்சன் ஆடிய சூப்பர் பவுலில் சான் ஃபிரான்சிஸ்கோ 26–21 என வென்றது; அன்று அவர் எறிந்த 34இல் 25 இலக்கை அடைந்தும் தோல்வியே மிஞ்சியது. நேமத்தின் அந்த ஒரு வெற்றி இருவருக்கும் இடையிலான இடைவெளியை ஓரளவு விளக்கும். நாற்பது ஆண்டு இடைவெளியை அது விளக்காது. நேமத்தின் குறைகளையும் ஈர்ப்பாகச் சொல்ல ஒரு பெருநகரின் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் இருந்தன. ஆண்டர்சனின் நிறைகளைக்கூட ஒஹாயோ நதிக்கரைக்கு அப்பால் எடுத்துச் செல்ல அத்தகைய குரல்கள் இல்லை.

இதற்கு மறுப்பாகக் கன்சாஸ் சிட்டியும் கிரீன் பேயும் காட்டப்படுவதுண்டு. பாட்ரிக் மஹோம்ஸ் 2018இல் முதன்மை குவார்ட்டர்பேக்கான பின் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 2020, 2023, 2024 பிப்ரவரிகளில் சூப்பர் பவுல் வென்று, நாடளாவிய ஒளிபரப்பின் நிரந்தர விருந்தினரானது உண்மை. 13 பட்டங்கள் பெற்ற பேக்கர்ஸுக்கு நாடெங்கும் ரசிகர்கள் உண்டு. ஆனால் தலைமுறைக்கொருவர் எனத்தக்க வீரரோ, நூற்றாண்டுப் பாரம்பரியமோ இருந்தால்தான் கேமரா வரும் என்றால், நன்றாக ஆடும் சாதாரண அணி என்ற நிலை பெருநகரங்களுக்கு மட்டுமே உரியதாகிறது. 2017 பருவத்தில் ஜாகுவார்ஸ் தன் தடுப்பாட்டத்தின் வலிமையால் சூப்பர் பவுலுக்கு ஒரு படி முன்புவரை சென்று, நியூ இங்கிலாந்திடம் 24–20 எனத் தோற்றது. அத்தகைய அணிகளே இந்த வேறுபாட்டைச் சரியாக அளக்க உதவுகின்றன.

நாடளாவிய ஊடகம் விட்டதை உள்ளூர் நாளிதழ் நிரப்பிய காலமும் தேய்கிறது. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் 2010இல் சூப்பர் பவுல் வென்ற இரண்டே ஆண்டுகளில், அந்நகரின் டைம்ஸ்-பிக்கயூன் நாளிதழ் அச்சுப் பதிப்பை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்தது. 2019இல் போட்டி நாளிதழ் அதை வாங்கி இணைத்துக்கொண்டது. ஓர் அணியை நாள்தோறும் பயிற்சித் திடலில் பார்த்து எழுதும் செய்தியாளர் குறையும்போது, தொலைவிலிருந்து எழுதுபவரின் மேலோட்டமான கணிப்பே அந்த அணியைப் பற்றிய ஒரே பதிவாகிறது.

புகழ் மாளிகையின் தேர்வுக் குழுவில் ஒவ்வோர் அணியின் ஊரிலிருந்தும் ஓர் ஊடகப் பிரதிநிதி இருப்பது நல்ல ஏற்பாடு. எனினும் அந்த ஒருவர் பேசுவதைக் கேட்கும் மற்றவர்களின் நினைவு, தாம் இளமையில் பார்த்த ஒளிபரப்புகளால் உருவானது. 2012 முதல், களத்திலுள்ள 22 வீரர்களையும் ஒரே சட்டகத்தில் காட்டும் பயிற்சியாளர் படப்பதிவுகளை லீக் சந்தாதாரர்களுக்கும் திறந்துவிட்டிருப்பதால், இன்றைய ஜாக்சன்வில் கார்னர்பேக் ஒருவரின் ஆட்டத்தை டல்லாஸ் வீரரின் ஆட்டத்துக்கு இணையாக எவரும் ஆராயலாம். ஆராயாமல் எழுதுவோருக்கு இனி ஒளிபரப்பு அட்டவணையைச் சாக்காகக் காட்ட இடமில்லை. ரைலி, ஆண்டர்சன் தலைமுறைக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. ஆகவே நெடுங்காலம் முன்பே ஓய்வுபெற்ற முதுநிலை வீரர்களைப் பரிசீலிக்கும் மாளிகையின் குழு, தன் உறுப்பினர்களின் நினைவை முதலில் ஒதுக்கி வைத்து, எஞ்சியிருக்கும் ஆட்டப் படச்சுருள்களையும் அந்தந்த ஊர் நாளிதழ்களின் பழைய பிரதிகளையும் வாக்கெடுப்புக்கு முன் ஒவ்வொருவருக்காகவும் படித்துப் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.