நாலாவது வருஷம்

நாவல்களுக்கு விமரிசனம் எழுதிப் பழகியவன் ஒரு பாடத்திட்ட அறிக்கையைப் பற்றி எழுத என்ன யோக்கியதை உண்டு என்று கேட்கலாம். கேட்பது நியாயந்தான். ஆனால் அதை என் கையில் கொடுத்தவர் யோக்கியதையைப் பார்த்துக் கொடுக்கவில்லை. பேனா பிடிக்கிறவன் எதையும் படித்துப் பொருள் சொல்லிவிடுவான் என்று நம்பிக் கொடுத்தார். அந்த நம்பிக்கைக்கு நான் பட்ட கடன் இந்தக் கட்டுரை.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. தென்காசியில் கோயிலுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஒரு சாயங்காலம் தம் மகளையும் அழைத்துக்கொண்டு நான் தங்கியிருந்த இடத்துக்கு வந்தார். பெண் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணக்கிலும் பௌதிகத்திலும் நல்ல மார்க்கு. நண்பர் கையில் ஒரு காகிதக் கட்டு இருந்தது.

“அண்ணாச்சி, பிள்ளை பௌதிகம்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கா. பக்கத்திலயே மூணு வருஷம் பி.எஸ்ஸி. படிக்கட்டுமா, வெளியூர்ல நாலு வருஷ ஆனர்ஸுன்னு ஒண்ணு இருக்காமே, அதுக்கு அனுப்பட்டுமா? இதைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார்.

பெண் ஒன்றும் பேசவில்லை. ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரவு முழுவதும் அதைப் படித்தேன். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்ட அமைப்பு அது. சாரம் இதுதான்: 3 வருஷம் படித்து 120 கிரெடிட் சேர்த்தால் பட்டம், 4 வருஷம் படித்து 160 சேர்த்தால் ஆனர்ஸ் பட்டம். முதல் 6 ஸெமஸ்டர்களில் 75 சதவிகிதமோ அதற்கு மேலோ வாங்கியவர்கள், விரும்பினால், நாலாவது வருஷத்தில் ஆராய்ச்சியில் இறங்கலாம். அந்த ஆராய்ச்சிக்கு 12 கிரெடிட். அவர்களுடைய பட்டத்துக்கு ‘ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ்’ என்று பெயர். மற்றவர்கள் அந்த 12-க்குப் பதிலாக இன்னும் சில பாடங்களைப் படித்து ஆனர்ஸ் வாங்கிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டு அரசு புதிய தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. ஆகவே இங்குள்ள கலைக் கல்லூரிகளில் 3 வருஷப் பட்டந்தான் வழக்கம். பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகமோ 2011-லேயே 4 வருஷ விஞ்ஞானப் பட்டத்தைத் தொடங்கிவிட்டது. நண்பருக்கு இது மூன்றா நான்கா என்ற கணக்கு மட்டும் அல்ல. மகள் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போய் வருவதா, ரயிலேறிப் போய் ஹாஸ்டலில் இருப்பதா என்பதுந்தான்.

‘ஆனர்ஸ்’ என்பது நமக்குப் புதிய வார்த்தை அல்ல. சென்னைச் சர்வகலாசாலையில் இண்டர்மீடியட்டுக்குப் பிறகு மூன்று வருஷ ஆனர்ஸ் படிப்பு ஒரு காலத்தில் இருந்தது. சாதாரண பி.ஏ.க்கும் அதற்கும் உள்ள தூரம் தெருவுக்கே தெரியும். வாசல் பலகையில் பெயருக்குப் பின்னால் அந்தச் சொல்லும் ஏறும். கல்யாணப் பத்திரிகையிலும் ஏறும். 1950-களின் இறுதியில் மூன்று வருஷப் பட்டம் பொதுவாக வந்தபோது அந்தப் பழைய ஆனர்ஸ் மறைந்தது. போனது திரும்பி வருகிறது என்பதால் மட்டும் நாம் சந்தோஷப்பட வேண்டியதும் இல்லை, சந்தேகப்பட வேண்டியதும் இல்லை. அன்று அதில் எது நன்றாக இருந்தது என்று பார்ப்பதுதான் முறை.

அதற்கு ஒரு சாட்சி சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை பிரசிடென்ஸி காலேஜில் பௌதிக ஆனர்ஸ் படித்து 1930-ல் பட்டம் பெற்றவர். நக்ஷத்திரங்களின் முடிவைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1983-ல் நோபல் பரிசு வாங்கியவர். 1928-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஸோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அணுவின் அமைப்பைப் பற்றி அவர் எழுதியிருந்த புஸ்தகத்தை மாணவர் சந்திரசேகர் தாமாகவே படித்து முடித்திருந்தார். நேரே போய்ப் பார்த்தார். அந்தப் புஸ்தகத்தில் உள்ள பௌதிகம் அதற்குள் பழசாகிவிட்டது என்று எழுதியவரே சொல்லிவிட்டார்! சொன்னதோடு விடாமல், உலோகங்களில் எலெக்ட்ரான்கள் நடந்துகொள்வதைப் பற்றித் தாம் எழுதி இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப் பிரதியையும் அந்தப் பையன் கையில் கொடுத்தார். பையன் அதைக் கரைத்துக் குடித்தான். 1929-ல் லண்டன் ராயல் ஸொஸைட்டியின் சஞ்சிகையில் அவன் கட்டுரை வெளிவந்தது. அப்போது அவன் இன்னும் காலேஜ் மாணவன்.

இதில் ஆனர்ஸின் பங்கு என்ன? ஸோமர்ஃபெல்டு பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் அவரைத் தேடிப் போகவும், கொடுத்ததைப் படிக்கவும் பையனுக்கு அவகாசம் இருந்தது. 18 வயதில் ஆராய்ச்சி பண்ண முடியாது என்று அவனைத் தடுக்கவும் யாரும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மானியக் குழுவின் அறிக்கையை நான் முழு மனசோடு பாராட்டுகிறேன். பட்டம் வாங்காத பிள்ளையும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கலாம் என்று அது ஒப்புக்கொள்கிறது. நம்முடைய கல்விச் சாலைகளில் இது சின்ன விஷயம் அல்ல. இங்கே மாணவனுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் முன்பே தெரிந்துவிட்ட சமாசாரங்கள் என்பதுதான் பொது அபிப்பிராயம்.

குறை அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. அந்த வாசலில் நிற்கும் காவற்காரன் 75 சதவிகிதம்.

ராமானுஜனை நினைத்துப் பாருங்கள். கும்பகோணத்திலும் சென்னையிலுமாக எஃப்.ஏ. பரீட்சையைக் கடக்க முடியாமல் போனவர். கணக்கில் தவறவில்லை, மற்றப் பாடங்களில் தவறினார். 75 வேண்டாம், பாஸ் மார்க்கே அவருக்குக் கிட்டவில்லை. ஆனால் அதே சென்னைச் சர்வகலாசாலை 1913-ல், பட்டம் இல்லாத அந்த மனிதருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் கொடுத்தது. சட்டம் இடம் கொடுக்காத காரியத்தைச் சில பெரிய மனிதர்கள் இடம் பண்ணிக் கொடுத்தார்கள். 75 என்ற அதே எண் ஒரு காலத்தில் கையில் வைத்த காசாக இருந்தது; இப்போது கதவில் போட்ட தாழ்ப்பாளாக இருக்கிறது.

‘ராமானுஜன் நூறு வருஷத்துக்கு ஒருவர், அவரை வைத்துச் சட்டம் பண்ண முடியுமா?’ என்று கேட்பார்கள். முடியாதுதான். எல்லோருக்கும் ஆராய்ச்சி என்றால் வழிகாட்ட ஆசிரியர்கள் போதமாட்டார்கள். ஏதோ ஓர் அளவு வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளவுகோல் எதை அளக்கிறது என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. ஆறு ஸெமஸ்டர் மார்க்கு, ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுமா என்பதைக் காட்டும். ஆராய்ச்சிக்கு வேண்டியது கேட்காத கேள்வியைக் கேட்கிற சுபாவம். இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம். ராமனிடம் இருந்தது: பரீட்சைகளில் முதல்வர், மாணவராக இருக்கும்போதே, 1906-ல், சீமைச் சஞ்சிகையில் கட்டுரை எழுதியவர். ஆனால் ஒன்று இருப்பதால் மற்றதும் இருக்கும் என்று நினைப்பது, நல்ல கையெழுத்து உள்ளவன் நல்ல கதை எழுதுவான் என்று நினைப்பதைப் போன்றது. பத்திரிகைக்காரர்களைக் கேட்டால் அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்று சொல்வார்கள்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரிது. கிரெடிட் எத்தனை, மணி எத்தனை, எந்த வருஷம் வெளியேறினால் என்ன சான்றிதழ் என்பதெல்லாம் அறிக்கையில் துல்லியமாக இருக்கிறது. வழிகாட்டும் ஆசிரியர் ஒருவர் வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் அந்த ஆசிரியருக்குப் பொழுது எங்கிருந்து வரும்? காலையிலிருந்து மாலை வரை வகுப்பும், அதற்குமேல் விடைத்தாளும் படிவமுமாக இருக்கிறவர் எந்த மாணவியின் சந்தேகத்தோடு உட்காருவார்? பாத்திரங்களைப் பெயரோடு அறிமுகப்படுத்திவிட்டு, அவர்களுக்கு மூச்சு விட இடம் வைக்காத நாவலை நான் குறை சொல்வேன். இதையும் அப்படியே சொல்கிறேன்.

இதைச் சொல்வதற்குக் குற்றாலத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1954-ல் காலமான ரசிகமணி டி.கே.சி. இங்கேதான் இருந்தார். கம்பனில் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டால், திரும்பத் திரும்பச் சொல்லி, அது கேட்கிறவர் ரத்தத்தில் கலக்கும் வரையில் விடமாட்டார். ராஜாஜியும் கல்கியும் அதற்கு மயங்கினார்கள். எத்தனை பாட்டு முடிந்தது என்று அங்கே யாரும் கணக்கு வைக்கவில்லை. விஞ்ஞானத்தில் ஆனர்ஸ் என்று ஒன்று இருந்தால் அதுவும் இப்படித்தான் இருக்க முடியும். ஒரு விஷயத்தில் ருசி ஏறும் வரையில் உடன் இருக்க ஓர் ஆள் வேண்டும்.

‘சின்ன ஊரில் என்ன ஆராய்ச்சி நடக்கும்?’ என்ற கேள்வியும் உண்டு. நண்பர் அதைக் கேட்கவில்லை. ஆனால் அவர் மனசில் இருந்தது. 1830-களில் ராபர்ட் வைட் என்ற ஸ்காத்லாந்து வைத்தியர் இந்தக் குற்றாலத்து மலையில் செடிகொடிகளைச் சேகரித்தார். தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல்களுக்குச் சித்திரம் எழுதியவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்தியர்கள். அவர்களுடைய கோட்டைப் பார்த்துத்தான் சீமையில் இருந்தவர்கள் நம் ஊர் இலையையும் பூவையும் தெரிந்துகொண்டார்கள். அவர்கள் பெயருக்குப் பின்னால் எந்தப் பட்டமும் இல்லை.

மறுநாள் காலையில் நண்பரும் மகளும் மறுபடியும் வந்தார்கள். பேச்சு சாரலைப் பற்றித் திரும்பியது. மேற்கேயிருந்து வரும் காற்று மலையில் ஏறிக் குளிர்ந்து கேரளத்துப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வருவதுதான் தென்காசிக்குச் சாரல். கிழக்கே போகப் போக அதுவும் உலர்ந்துபோகிறது. நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெண் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“மாமா, மலை மேல மழை பெஞ்சா எத்தனை நிமிஷத்துல அருவிக்குத் தண்ணி வரும்? அதை யாராவது அளந்திருக்காங்களா?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து, குளித்துக்கொண்டிருந்தவர்களில் 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துக்கொண்டு போகப்பட்டு இறந்தான். கீழே நின்றவர்களுக்கு மேலே பெய்த மழை தெரியவில்லை. அந்தப் பையனுக்கு ஏறக்குறைய இவள் வயது. அந்தச் செய்தியை இந்த ஊரில் எல்லோரும் படித்தோம், உச்சுக் கொட்டினோம். இவள் அதை ஒரு கேள்வியாக வைத்துக்கொண்டிருக்கிறாள். மழைமானிகள் சிலவும், ஒரு கடிகாரமும், இரண்டு சாரல் பருவமும், கணக்குத் தெரிந்த ஓர் ஆசிரியரும் இருந்தால் தொடங்கக்கூடிய ஆராய்ச்சி இது. விடை கிடைத்தால் அதன் பயன் ஒரு சான்றிதழோடு முடியாது.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: “மூணா நாலான்னு பாக்காதீங்க. எந்தக் காலேஜுக்குப் போனாலும், பணம் கட்டுவதற்கு முன்னால் பௌதிக வாத்தியாரைப் பாருங்கள். பிள்ளை இந்தக் கேள்வியை அவரிடம் கேட்கட்டும். ‘இது ஸிலபஸில் இல்லை’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அது எவ்வளவு பெரிய ஊராக இருந்தாலும் சரி. ‘உட்காரம்மா, யோசிக்கலாம்’ என்றால் அங்கே சேருங்கள்.”

நண்பருக்குத் திருப்தி ஏற்படவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. செலவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. நாலாவது வருஷம் என்பது கடைக்காரர் ஒருவருடைய வீட்டில் இன்னும் ஒரு வருஷ ஹாஸ்டல் பணம். அடுத்த பிள்ளையின் படிப்பு. மகளின் கல்யாணத்தைப் பற்றி அக்கம்பக்கம் கேட்கிற கேள்வி. அறிக்கை எழுதியவர்கள் 160 என்று கூட்டிப் போட்டதில் இந்தத் தொகை சேரவில்லை. மார்க்கைக் காவலுக்கு வைத்தவர்கள், அந்த மார்க்கு வாங்கியும் ஒரு வருஷம் காத்திருக்க வசதியில்லாத பிள்ளைக்கு உள்ளே வர என்ன வழி என்பதையும் அதே பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். அதை எழுதும் வரையில் ஆனர்ஸ் என்ற அந்த மரியாதை யாருக்குச் செய்யப்படுகிறது, பிள்ளையின் அறிவுக்கா அப்பாவின் கைக்கா, என்ற சந்தேகம் எனக்குத் தீராது.

அவர்கள் புறப்பட்டுப் போகும்போது தூறிக்கொண்டிருந்தது. அப்பா குடையை விரித்தார். பெண் அதற்குள் வராமல், கையை நீட்டிச் சாரலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.