இடுக்கண் அழியாமையா, மருந்தா?

குறளைப் பயில்வோர் பலர். குறளை மேற்கோள் காட்டுவோர் அவரினும் பலர். மேற்கோள் காட்டுதல் எளிது. இடமறிந்து காட்டுதலே அரிது. இடம் தவறிய மேற்கோளால் நூலுக்கு இழுக்கு நேரும். சிலவேளைகளில் கேட்பவன் உயிருக்கே ஊறு நேரும். அத்தகைய பிழை ஒன்றை ஈண்டு ஆராய்வோம்.

உள்ளம் சோர்ந்து கிடப்பவனைக் கண்டால் தமிழ் கற்றார் நாவில் முதற்கண் வருவது 63ஆம் அதிகாரமாகிய இடுக்கண் அழியாமை. துன்பம் வரும்போது அதனை எள்ளி நகுக என்பது அதன் அறிவுரை. பொன்னான அறிவுரைதான், ஐயமில்லை. ஆனால் அஃது எவனை நோக்கிக் கூறப்பட்டது?

அதிகார வைப்பை நோக்குக. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை ஆகியவற்றை அடுத்தே இடுக்கண் அழியாமை நிற்கிறது. பரிமேலழகர் பகுப்பில் அரசியலின் இறுதி அதிகாரம் இதுவே. வினைமேற் சென்றவன் ஒருவன். அவனுக்கு இடையூறு வருகிறது. அதற்கு அவன் கலங்கலாகாது. இதுவே பொருள். துன்பம் வெளியிலிருந்து வருகிறது. அதனை எதிர்க்கும் உள்ளம் நலமாக இருக்கிறது. ஆனால் அவ்வுள்ளமே நோயுற்றால்? காலொடிந்தவனுக்கு ஓட்டப் பந்தயத்தின் நுட்பங்களைக் கூறி என்ன பயன்?

மனச்சோர்வு நோய் என மருத்துவர் வழங்குவது ஒருநாள் துயரமன்று. அமெரிக்க உளமருத்துவர் கழகம் 2013இல் வெளியிட்ட கையேடு இந்நோய்க்கு ஒன்பது குறிகளைத் தருகிறது. நீங்காத துயரம், எதிலும் நாட்டமின்மை, பசியும் எடையும் மாறுதல், உறக்கம் குறைதல் அல்லது மிகுதல், உடலியக்கம் தளர்தல் அல்லது பதற்றமுறுதல், களைப்பு, தன்னைப் பயனற்றவன் எனக் கருதல், கருத்தூன்ற இயலாமை, சாவைப் பற்றிய எண்ணம் என்பன அவை. இவற்றுள் ஐந்தேனும் இரண்டு கிழமை தொடர்ந்து இருத்தல் வேண்டும்; அவ்வைந்தனுள் முதலிரண்டில் ஒன்றேனும் இடம்பெறல் வேண்டும்.

இங்கே இன்னொரு மேற்கோளும் இடம் தவறுகிறது. காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், உறக்கம் ஆகிய நான்கும் கெடுவார் விரும்பி ஏறும் மரக்கலம் என்பது மடியின்மை அதிகாரத்துக் கருத்து. வீட்டுப்பாடத்தை நாள்கடத்தி, படித்ததை மறந்து, வகுப்பில் தலைகவிழ்ந்து உறங்கும் மாணவனைக் கண்டதும் நாம் இதனைச் சொல்லிவிடுகிறோம். அந்நான்கும் ஒருவனிடம் குற்றமாக இருக்கலாம். மற்றொருவனிடம் நோயின் குறியாக இருக்கலாம். 'விரும்பி ஏறும்' என்றார் வள்ளுவர். நோயுற்றவன் விரும்பியா ஏறினான்? ஏற்கெனவே தன்னைப் பயனற்றவன் என எண்ணிக் குமைபவனுக்கு, ஆசிரியரே அதற்குச் சான்று காட்டுவதுபோல் ஆகிவிடுமன்றோ?

'உண்ண உணவுண்டு, அன்பான பெற்றோருண்டு, இவனுக்கு என்ன குறை?' என்பாரும் உளர். இக்கேள்விக்கு நம் இலக்கியப் பயிற்சியும் ஒரு காரணம் என்க. தொல்காப்பியர் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்கள் வகுத்தார். அகப்பாடல்களில் தலைவி உணவும் உறக்கமும் நீத்துப் பசலை பாய்ந்து மெலிகிறாள். தலைவன் மீண்டதும் பசலை நீங்குகிறது. ஆகவே துயரென்றால் காரணம் வேண்டும், காரணம் நீங்கினால் துயரும் நீங்கும் எனப் பழகிவிட்டோம். மனச்சோர்வு நோயோ இழப்பின்பின் வருவதும் உண்டு. வெளிப்படையான காரணம் எதுவுமின்றி வருவதும் உண்டு.

அவ்வாறாயின் நாம் புரட்ட வேண்டிய அதிகாரம் எது? 95ஆம் அதிகாரமாகிய மருந்து. அதன் பெரும்பகுதி உணவின் அளவைப் பற்றியது. வளி முதலிய மூன்றும் இன்றைய மருத்துவத்தின் கொள்கை அல்ல. வள்ளுவர் மனச்சோர்வு நோயை அன்றே கண்டறிந்தார் என முழங்குவதும் இடம் தவறிய மேற்கோளே ஆகும். யாம் கொள்வது அவர் கூறிய முறையை மட்டுமே.

முதலில் நோய் இன்னதென ஆராய்க, பின் அதன் காரணம், பின் தணிக்கும் வழி என்றார் அவர். கேடயச் சுரப்பி குறைவாகச் சுரந்தாலும் இத்தகைய சோர்வு தோன்றும். ஆதலின் மருத்துவர் குருதியையும் சோதிப்பதுண்டு. அடுத்து, நோயாளியின் அளவும் நோயின் அளவும் காலமும் கருதிச் செய்க என்றார். நோய் எளிதாயின், ஆரன் பெக் என்னும் அமெரிக்க மருத்துவர் 1960களில் வகுத்த சிந்தனைமுறை மருத்துவம் போன்ற உரையாடல் வழிகளே போதியவாகலாம். கடிதாயின் மருந்தும் வேண்டும். சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன் 1957இல் இமிப்பிரமினின் பயனை வெளியிட்டார். அதன்பின் மருந்துகள் பல பெருகின. அவை தலைவலி மாத்திரைபோல் அன்றே குணம் தருவன அல்ல. சில கிழமைகள் செல்லும். நலமான பின்னும் ஆறு திங்களேனும் தொடர்வது வழக்கம். மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தலாகாது. மிகக் கொடிய நிலையில், மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் மின்னதிர்வு மருத்துவமும் நற்பயன் தருகிறது.

அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளைக் கூறுகிறது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான். உழைச்செல்வான் என்பவன் அருகிருந்து துணைசெய்பவன். அன்பு, தூய்மை, சொன்னதைச் செய்யும் வன்மை, அறிவு என்பன அவனுக்குரிய இயல்புகள் எனப் பரிமேலழகர் விளக்குவார். ஆசிரியரின் இடம் இதுவே. நாம் தீர்ப்பவர் அல்லோம். அறிவுரையால் நோயைத் தீர்த்துவிடலாம் என எண்ணுவதே நம் பிழை. அருகிருந்து கேட்டல், மருத்துவரிடம் சேர்த்தல், தொடர்ந்து செல்கிறானா எனப் பார்த்தல் ஆகியவை நம் கடன். சாகும் எண்ணம் உண்டா எனக் கனிவோடு கேட்கவும் தயங்கலாகாது; கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாய் முளைப்பதில்லை. உண்டெனில் அவனைத் தனியே விடாமல் உடனே மருத்துவ உதவி நாடுக.

நம் நாடுகளின் சட்டமும் இவ்வழியே திரும்பியுள்ளது. உயிர்நீக்க முயன்றவனைக் குற்றவாளியாக்கிய பிரிவு சிங்கப்பூரில் 2020இலும் மலேசியாவில் 2023இலும் நீங்கிற்று. ஆயினும் 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டும்' என்னும் கேலி நம் நாவைவிட்டு இன்னும் நீங்கவில்லை. அக்கேலிக்கு அஞ்சியே மருத்துவரிடம் செல்லாதார் எத்துணையர்!

குறளை மறக்கச் சொல்லவில்லை; அதிகாரம் மாற்றிப் படிக்கவே சொல்கிறோம். நலம் பெற்று எழுந்தவனுக்கு இடுக்கண் அழியாமையைக் கற்பிப்போம், கேட்டு மகிழ்வான். வீழ்ந்து கிடப்பவனுக்கு முதலில் மருந்து. அவன் அருகே ஓர் உழைச்செல்வான்.