ஐஓஎஸ் 16.6.1: குறிப்பில் விட்டுப்போன ஒரு பெயர்

ஃபோனுக்கு அப்டேட் வந்தால் அதோடு வரும் குறிப்பைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. நான் படிப்பேன், பழகிப்போச்சு. கதை, கட்டுரை மாதிரி அதுவும் ஒரு எழுத்துதான். யாருக்காக எழுதியிருக்கிறார்கள், எதை விட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் நிறைய தெரியும். அப்படி ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: 2023 செப்டம்பர் 7 அன்று ஆப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 16.6.1.

ஃபோன் திரையில் வந்த செய்தியின் சாரம் இதுதான்: முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்கள் உள்ளன, எல்லோரும் போட்டுக்கொள்ளவும். ஆப்பிளின் தளத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது. மொத்தம் இரண்டு ஓட்டைகள். ஒன்று இமேஜ்ஐஓ என்ற பகுதியில், எண் சிவிஇ-2023-41064. வேண்டுமென்றே கெடுத்துச் செய்த ஒரு படத்தைத் திறந்தால் அடுத்தவரின் நிரல் உங்கள் ஃபோனில் ஓடலாம். இன்னொன்று வாலட்டில். இரண்டையும் யாரோ ஏற்கெனவே பயன்படுத்தியிருக்கக்கூடும் என்று தகவல் வந்திருக்கிறதாம். இமேஜ்ஐஓ ஓட்டையை எப்படிச் சரிசெய்தார்கள்? மெமரியைக் கையாளும் விதத்தை மேம்படுத்தினார்களாம். அவ்வளவுதான்.

ஃபோனைக் கையில் வைத்திருப்பவருக்கு வேண்டிய விஷயம் இதில் இல்லை. அது டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் அதே நாளில் எழுதிய சிறு பதிவில் இருந்தது. வாஷிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பொதுநல அமைப்பில் வேலை செய்பவரின் ஐஃபோனைப் பரிசோதித்தபோது இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஐமெசேஜ் வழியாக வாலட் இணைப்பு ஒன்று வரும், அதற்குள் படம் இருக்கும். எதையும் தொட வேண்டாம், சொடுக்க வேண்டாம், பெகாசஸ் உள்ளே வந்துவிடும். லாக்டவுன் மோட் போட்டிருந்தால் இந்தத் தாக்குதல் நடக்காது என்றும் சொன்னார்கள். பத்திரிகையாளரோ வழக்கறிஞரோ இதைப் படித்தால் என்ன செய்ய வேண்டும் என்று உடனே புரியும். ஆப்பிளின் குறிப்பைப் படித்தால் புரியாது.

சரி, பயனருக்காவது அப்டேட் பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் தீர்ந்தது. எனக்குக் கோபம் வருவது அதற்கு அடுத்த இடத்தில்.

நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 11 அன்று, கூகுள் குரோமுக்கு ஒரு அவசரத் திருத்தம் வெளியிட்டது. வெப்பி படங்களைப் படிக்கும் இடத்தில் மெமரி வழிகிறது, எண் சிவிஇ-2023-4863. அதைத் தெரிவித்தவர்கள் பெயரைப் பாருங்கள்: ஆப்பிளின் பாதுகாப்புப் பொறியியல் குழுவும் சிட்டிசன் லேபும். தெரிவித்த தேதி செப்டம்பர் 6, அதாவது ஐஓஎஸ் அப்டேட்டுக்கு முந்தின நாள். மறுநாள் ஃபயர்ஃபாக்ஸும் திருத்தம் வெளியிட்டது. அதே இரண்டு குழுக்கள், அதே வாரம், இரண்டுமே படம் திறக்கும் இடத்தில் மெமரி வழியும் ஓட்டைகள். இரண்டும் ஒரே ஓட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று பென் ஹாக்ஸ் போன்ற பாதுகாப்பு ஆய்வாளர்கள் விரிவாக எழுதினார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

விட்டுப்போன பெயர் லிப்வெப்பி. வெப்பி படங்களைத் திறக்க கூகுள் எழுதி, இலவசமாகக் கொடுத்திருக்கும் நூலகம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு என்று எங்கும் இருப்பது. எலக்ட்ரானில் கட்டிய டெஸ்க்டாப் செயலி ஒவ்வொன்றும் தனக்குள் ஒரு குரோமியத்தைச் சுமக்கிறது, அதற்குள் ஒரு லிப்வெப்பி. ஆப்பிள் இமேஜ்ஐஓ என்றது, கூகுள் குரோம் என்றது. தன் சர்வரில் பயனர்கள் ஏற்றும் படங்களைச் சிறிதாக்க லிப்வெப்பி வைத்திருக்கும் ஒரு டெவலப்பர் இந்த இரண்டு குறிப்பையும் படித்துவிட்டு, நமக்கு சம்பந்தமில்லை என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார். அவர் மேல் தப்பு சொல்ல முடியுமா?

ஓட்டையே சுவாரசியமானது என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். ஹஃப்மன் மரம், இரண்டாம் வருடம் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பரில் எல்லோரும் போட்டதுதான். வெப்பியின் இழப்பில்லாத வகை இதை வைத்துத்தான் படத்தைச் சுருக்குகிறது. திரும்ப விரிக்கும்போது வேகமாக இருக்கட்டும் என்று லிப்வெப்பி அந்த மரங்களை அட்டவணைகளாக மாற்றிக்கொள்ளும். அட்டவணை அதிகபட்சம் எவ்வளவு பெரிதாகும் என்று முன்பே கணக்கிட்டு, அந்த அளவுக்கு மட்டும் இடம் ஒதுக்கினார்கள். கணக்கு சரிதான், ஆனால் மரம் முறையான மரமாக இருந்தால்தான் சரி. கோப்பில் வருவது முறையான மரமா என்ற சோதனை, அட்டவணையை நிரப்பி முடித்த பிறகு வந்தது. கோணல் மரம் ஒன்றைக் கொடுத்தால் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதிவிட்டு, அப்புறம்தான் இது தப்பு என்று கண்டுபிடிக்கும். தானியங்கிச் சோதனைக் கருவிகள் பல வருடமாக இந்த நூலகத்தின் மேல் ஓடியும் அகப்படவில்லை. அவ்வளவு நுணுக்கமாகக் கோணல் செய்தால்தான் வழியும்.

செப்டம்பர் 25-இல் லிப்வெப்பிக்கென்றே தனியாக சிவிஇ-2023-5129 என்று ஒரு எண் வந்தது, ஆபத்து மதிப்பீடு பத்துக்குப் பத்து. இரண்டு மூன்று நாளில் அது பழைய எண்ணின் நகல் என்று நிராகரிக்கப்பட்டு, பழைய எண்ணின் விவரத்தில் லிப்வெப்பி பெயர் சேர்ந்தது. ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அறிக்கையில் இது இடம்பெற்றது அக்டோபர் தொடக்கத்தில். நிறுவனங்களில் ஓடும் ஸ்கேனர்கள் எண்ணையும் பொருளின் பெயரையும் பொருத்திப் பார்ப்பவை. குரோம் என்று எழுதியிருந்தால் குரோமைத்தான் தேடும்.

விவரம் சொன்னால் தாக்குபவர்களுக்கு உதவும், அதனால்தான் சுருக்கம் என்பது நிறுவனங்களின் வழக்கமான பதில். பல சமயம் அதில் நியாயமும் உண்டு. பயன்படுத்திப் பார்க்கும் நிரலைப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் அந்த வாதம் நிற்காது. லிப்வெப்பி திறந்த மூல நிரல். ஹஃப்மன் அட்டவணை செய்யும் இடத்தைச் சரிசெய்த மாற்றம் செப்டம்பர் 7 தேதியிட்டு அதன் களஞ்சியத்திலேயே இருக்கிறது. பெகாசஸ் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியாதா? குறிப்பின் மௌனம் மறைத்தது தற்காப்பில் இருப்பவர்களிடமிருந்து மட்டும்தான்.

டெபியன் வெளியிடும் அறிவிப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்க்க வறட்சியான எழுத்து, ஆனால் முதல் வரியிலேயே பொதியின் பெயர் இருக்கும். அங்கே லிப்வெப்பியைப் பல செயலிகள் பகிர்ந்துகொள்வதால், ஒரு பொதியைப் புதுப்பித்தால் அத்தனைக்கும் சேர்த்துச் சரியாகிவிடும். தனக்குள் சொந்தப் பிரதி வைத்திருக்கும் செயலிகளுக்கு மட்டும் தனியாகத் தேட வேண்டும். எதைத் தேடுவது என்பதாவது தெரிகிறதே.

ஆப்பிளின் குறிப்பில் ஒரே ஒரு வாக்கியம் கூடுதலாக இருந்திருந்தால் போதும்: இந்த ஓட்டை நாங்கள் எழுதாத, வெளியிலிருந்து எடுத்துக்கொண்ட நூலகத்தில் இருக்கிறது, அதைப் பராமரிப்பவர்களிடம் தெரிவித்திருக்கிறோம். கூகுளின் திருத்தம் வெளியானதும், 11-ஆம் தேதி, பெயரையும் சேர்த்திருக்கலாம். வெளியிட்ட பிறகு பழைய குறிப்புகளில் வரிகள் சேர்ப்பது ஆப்பிளுக்குப் புதிதல்ல, அடிக்கடி செய்வதுதான்.

தெரிந்தவர்கள் "அப்டேட் போடலாமா, ரெண்டு நாள் பொறுக்கலாமா?" என்று கேட்டால் நான் இப்போது குறிப்பின் கடைசியில் இருக்கும் நன்றிப் பெயரைத்தான் முதலில் பார்க்கிறேன். ஏதோ பல்கலைக்கழக மாணவர் பெயர் மட்டும் இருந்தால், இரவு சார்ஜில் போடும்போது போட்டுக்கொள்ளுங்கள் என்பேன். சிட்டிசன் லேப் அல்லது கூகுளின் த்ரெட் அனாலிசிஸ் குரூப் என்று இருந்தால், யாரோ ஒருவரின் ஃபோனிலிருந்து எடுத்த ஓட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது டீ ஆறினாலும் பரவாயில்லை, உடனே போடச் சொல்கிறேன்.